முதல் நாள் தீர்ப்பு: புது இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரைப் படத்திலும் தாளிலும் படிப்பது எப்படி

1971 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் ஷோவில் லம்போர்கினி நிறுத்திய மஞ்சள் காருக்குப் பெயராக வாய்த்ததே ஒரு முதல் எதிர்வினைதான். வடமேற்கு இத்தாலியின் பியட்மான்ட் வட்டாரப் பேச்சில், மலைத்துப்போனவர் வாயிலிருந்து வரும் ‘அடேயப்பா’ போன்ற சொல் அது: கூன்டாச். பெர்டோனே நிறுவனத்துக்காக மார்செல்லோ காந்தினி வரைந்த அந்த ஆப்பு வடிவம் மேடையில் வழவழவென்று இருந்தது. 1974-ல் விற்பனைக்கு வந்த கார் அப்படி இல்லை. எஞ்சினுக்குக் குளிர்ச்சி போதாமல் தோள்களில் பெட்டி போன்ற காற்றுவாய்கள் முளைத்திருந்தன, கதவுகளில் வெட்டுகள் விழுந்திருந்தன, மேடையில் சொன்ன 5 லிட்டர் எஞ்சினின் இடத்தில் 3.9 லிட்டர் எஞ்சின் உட்கார்ந்திருந்தது.

முதல் நாள் வியந்தவர்கள் ஏமாறவில்லை. வடிவத்தைப் பற்றி அவர்கள் சொன்னது இன்றும் நிற்கிறது. எஞ்சினைப் பற்றி அன்றே அடித்துச் சொல்லியிருந்தவர்தான் அசடு வழிந்திருப்பார். எந்தப் புதுக் காருக்கும் இதே பிரிவினை செல்லும். வடிவம், அளவு, எஞ்சினும் கியர்பாக்ஸும் எங்கே எப்படி அமர்ந்திருக்கின்றன என்ற ஏற்பாடு ஆகிய மூன்றையும் அன்றைக்கே எடைபோடலாம். உண்மையான எடை, சத்தம், ஸ்டீயரிங், பிரேக் ஆகியவற்றுக்குக் காத்திருக்க வேண்டும். முதல் நாள் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையை முதல் வகையாக நினைத்துப் போடப்படுபவை.

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரே கார் கையில் இருந்தால் வசதி. 2024 ஆகஸ்ட் 16-ல் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் அறிமுகமான லம்போர்கினி தெமெராரியோவை எடுத்துக்கொள்வோம். லம்போர்கினியின் முந்தைய மாடலான ஹூராக்கானின் வாரிசு, 1875-ல் சண்டைக்கு நின்ற ஒரு காளையின் பெயர். அதே ஆண்டு மே மாதம் மயாமியில் வந்த ஃபெராரி 12 சிலிந்த்ரியும், அக்டோபரில் வந்த ஃபெராரி எஃப்80-உம் பக்கத்துணை.

படம் பார்க்கும் முறை

பிறர் சொன்னதைக் கேட்கும் முன், உங்களுக்குத் தோன்றியதை மூன்று வரியில் எழுதி வைத்துவிடுங்கள். ‘முகம் வேறொரு காரை நினைவூட்டுகிறது’ என்று ஒருவர் சொல்லிக் காதில் விழுந்துவிட்டால், அதற்கப்புறம் உங்கள் கண்ணுக்கும் அதுதான் தெரியும்.

அடுத்து, முன்பக்க முக்கால்வாசிக் கோணத்தில் எடுத்த அழகுப் படங்களை ஒதுக்கிவையுங்கள். தரையை ஒட்டி, அகன்ற லென்ஸில் எடுத்தால் மூக்கு பெருக்கும், பின்பக்கம் சிறுக்கும். விழாவில் ஆட்கள் போனில் எடுத்த படமும் அப்படித்தான்; போனின் முதன்மை லென்ஸ் 24 முதல் 26 மி.மீ. கணக்கில் வருகிறது, இரண்டடி தள்ளி நின்று எடுத்தால் எந்த பம்பரும் உப்பித்தான் தெரியும். தள்ளி நின்று 85 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸில் எடுத்த படம்தான் கண்ணுக்கு நெருக்கமானது.

உங்களுக்கு வேண்டியது நேர் பக்கவாட்டுப் படம். நேர்தானா என்று பார்க்கச் சக்கரங்களைப் பாருங்கள். இரண்டும் வட்டமாக இருந்தால் சரி, நீள்வட்டமாக இருந்தால் கேமரா சாய்ந்திருக்கிறது, அந்தப் படம் அளவுக்கு ஆகாது. படத்தைப் பெரிதாக்கி முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை எத்தனை பிக்சல் என்று அளந்துகொள்ளுங்கள். இந்தத் தூரத்துக்குப் பெயர்தான் வீல்பேஸ்; தெமெராரியோவுக்கு அது 2658 மி.மீ. உங்கள் படத்தில் அது 1329 பிக்சல் வந்தால், ஒரு பிக்சல் 2 மி.மீ. இனி மூக்கு நீளம், கூரை உயரம், கதவு அகலம் எல்லாவற்றையும் நீங்களே அளக்கலாம்.

அளந்தால் என்ன தெரியும்? தெமெராரியோ நீளம் 4706 மி.மீ., ஹூராக்கான் எவோ 4520. கார் 186 மி.மீ. நீண்டிருக்கிறது. ஆனால் வீல்பேஸ் 2620-லிருந்து 2658, வெறும் 38 மி.மீ.தான் கூடுதல். மீதி 148 மி.மீ. சக்கரங்களுக்கு வெளியே, முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குப் போயிருக்கிறது. ‘என்னமோ கொஞ்சம் கனமா தெரியுது’ என்று பலர் முதல் பார்வையில் சொன்னதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. உயரம் 1165-லிருந்து 1201 ஆகியிருக்கிறது. நெட்டையானவர்கள் இதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள்: தலைக்கு மேல் 34 மி.மீ. இடம் கூடியிருப்பதாக நிறுவனமே சொல்கிறது, கூரை ஏறிய அளவோடு அது ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

டயரையும் கணக்கில் எடுங்கள். பின் டயர் 325/30 ஆர்21 என்றால் (325 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 30 விழுக்காடு, உள்வளையம் 21 அங்குலம்), 21-ஐ 25.4-ஆல் பெருக்கி (533 மி.மீ.), டயர் அகலத்தில் 30 விழுக்காட்டை இருமுறை கூட்ட வேண்டும் (195). மொத்த விட்டம் 728 மி.மீ. முன் டயர் 255/35 ஆர்20, அதே கணக்கில் 686 மி.மீ. வீல்பேஸிலிருந்து இரண்டின் பாதியையும் கழித்தால் சக்கரங்களுக்கு நடுவே 1951 மி.மீ. இடைவெளி. அதில் மூன்று சக்கரம்கூட அடங்காது. சக்கரம் பெரிதாக, இடைவெளி குறைவாக இருந்தால் கார் பாயத் தயாராக நிற்பது போலத் தெரியும். இடைவெளி கூடக்கூட அது சொகுசு கார் பக்கம் சாயும்.

வண்ணத்தையும் நம்பாதீர்கள். 12 சிலிந்த்ரியின் முகத்தில் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டை, 1960-களின் கடைசியில் வந்த ஃபெராரி டேடோனாவின் முகத்தை நினைவூட்டுவது. கருநீலக் காரில் அது தென்படவே தென்படாது. மஞ்சளிலும் வெள்ளையிலும் முகமூடி கட்டியது போல நிற்கும். ஒரே காரைப் பற்றி இரண்டு பேர் எதிரெதிராகப் பேசினால், இருவரும் எந்த வண்ணத்தைப் பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் காரைக் கட்டமைக்கும் பக்கம் திறந்திருந்தால், கூடுதல் கார்பன் பாகங்களை எடுத்துவிட்டு, சாதாரணச் சக்கரங்களைப் போட்டு, வெளிர்நிறம் ஒன்றும் அடர்நிறம் ஒன்றுமாக இரண்டு முறை பாருங்கள். அறிமுக மேடையில் நிற்பது அநேகமாக விலை ஏறிய எல்லாப் பாகங்களும் பூட்டிய கார்.

தாளில் உள்ள எண்கள்

இத்தாலியர்கள் குதிரைத்திறனை சி.வி. என்ற மெட்ரிக் அளவில் தருகிறார்கள். பிரிட்டிஷ் பி.எச்.பி.-க்கு மாற்ற 0.986-ஆல் பெருக்க வேண்டும். தெமெராரியோவின் 920 சி.வி. 907 பி.எச்.பி. ஆகிறது. ஒருவர் 920 என்றும் இன்னொருவர் 907 என்றும் சொல்லி மல்லுக்கட்டுவது வாடிக்கை. இருவரும் சொல்வது ஒன்றைத்தான்.

ஹைப்ரிட் காரில் இன்னொரு பொறி. தெமெராரியோவின் 4 லிட்டர் ட்வின் டர்போ வி8 (எட்டு சிலிண்டர், புகையின் வேகத்தில் சுழன்று காற்றைத் திணிக்கும் இரண்டு டர்போக்கள்) 800 சி.வி. தருகிறது. மூன்று மின்மோட்டார்கள், ஒவ்வொன்றும் 110 கிலோவாட், அதாவது 150 சி.வி. கூட்டினால் 1250 வரவேண்டும். தாளில் 920 என்று இருக்கிறது. இது அச்சுப்பிழை இல்லை. மோட்டார் எவ்வளவு வாங்கும் என்பது ஒரு கணக்கு, 3.8 கிலோவாட்-மணி பேட்டரி ஒரே நொடியில் எவ்வளவு கொடுக்கும் என்பது வேறு கணக்கு. சிறிய பேட்டரியால் மூன்று மோட்டாருக்கும் ஒரே நேரத்தில் வயிறு நிறையப் போட முடியாது. அதனால் ஹைப்ரிட் காரில் நிறுவனம் சொல்லும் மொத்த எண்ணை மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள், தனித்தனியாகக் கூட்டாதீர்கள்.

எடைதான் அதிகம் பேரை வழுக்கி விழவைக்கும் இடம். தெமெராரியோவுக்கு 1690 கிலோ என்று போட்டிருப்பது உலர் எடை: பெட்ரோல், எஞ்சின் ஆயில், கூலன்ட் எதுவும் இல்லாமல். பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ. 70 லிட்டர் என்றாலே 50 கிலோவைத் தாண்டும். ஆயில் பத்துக் கிலோ போல, இரண்டு மூன்று கூலிங் சுற்றுகளில் ஓடும் நீர் இருபது கிலோ போல. சாலையில் நிற்கும் எடைக்கு நூறு கிலோவாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியப் பதிவு ஆவணத்தில் வரும் எடையில் 75 கிலோ ஓட்டுநரும் அடக்கம் என்பதால் அது இன்னும் மேலே நிற்கும். ஃபெராரியின் தாளில் மேலும் ஒரு சிறிய வரி உண்டு. 12 சிலிந்த்ரியின் 1560 கிலோ, ‘விருப்பப் பாகங்களுடன்’ உலர் எடை. அதாவது எடை குறைக்கும் விலையுயர்ந்த பாகங்களை வாங்கிப் பூட்டிய கார். நட்சத்திரக் குறி போட்ட எண்ணைப் பார்த்தால் தாளின் அடிக்கு இறங்கிப் போய்ப் படித்துவிட்டு மேலே வாருங்கள்.

ஒரே நிறுவனத்தின் உலர் எடையை அதே நிறுவனத்தின் உலர் எடையோடு ஒப்பிடுவதுதான் முதல் நாளில் நியாயமானது. எவோ 1422 கிலோ, தெமெராரியோ 1690. கூடுதல் 268 கிலோ. இது நிஜமான குறை, மழுப்ப ஒன்றுமில்லை. ஒரு சி.வி.-க்கு எத்தனை கிலோ என்று பார்த்தால் எவோ 2.22, தெமெராரியோ 1.84, நேர்கோட்டில் புதியதுதான் ஓடும். வளைவில் அந்த 268 கிலோ எப்படி நடந்துகொள்ளும் என்பதை எந்த வகுத்தலும் சொல்லாது.

நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். 2.7 விநாடிக்கும் 2.4 விநாடிக்கும் நடுவில் டயரும் தார்ச்சாலையும்தான் பேசுகின்றன. அமெரிக்கச் சோதனைகளில் கார் ஓரடி நகர்ந்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும். அதிலேயே கால் விநாடி வரை மிச்சம். 200-ஐ எட்டும் நேரம் கிடைத்தால் அதைப் பாருங்கள். எஃப்80-க்கு அது 5.75 விநாடி.

கீழழுத்தம், அதாவது ஓடும் காரைக் காற்று தரையோடு அழுத்தும் விசை, பற்றிய எண்ணுக்கு எப்போதும் இரண்டு பாகம் உண்டு: எத்தனை கிலோ, எந்த வேகத்தில். எஃப்80-க்கு 250 கி.மீ. வேகத்தில் 1050 கிலோ என்கிறார்கள். கீழழுத்தம் வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறும். பாதி வேகத்தில் பாதி அல்ல, கால்வாசிதான்: சுமார் 260 கிலோ. இறக்கைகள் தாமாக அசையும் காரில் இது தோராயம்தான், ஆனால் வேகத்தைச் சொல்லாமல் ஆயிரம் கிலோ என்று முழங்குபவரை மடக்க இது போதும். விழுக்காட்டில் சொன்னால் இன்னும் உஷார். தெமெராரியோவின் பின்பக்கக் கீழழுத்தம் எவோவைவிட 103 விழுக்காடு அதிகம் என்பது இருமடங்கைச் சற்றே தாண்டியது என்று பொருள். எவோவுக்கு எத்தனை கிலோ என்று தெரியாதவரை அந்த இருமடங்கு எதன் இருமடங்கு?

‘சிலிண்டர் குறைஞ்சுபோச்சே!’

இத்தாலியக் கார் அறிமுகமானால் ஒப்பாரி பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. 2003-ல் கல்லார்டோவோடு வந்த லம்போர்கினியின் வி10, ஹூராக்கானோடு முடிந்தது. எஃப்80-ல் வி12 இல்லை, 3 லிட்டர் வி6.

இந்த ஒப்பாரிக்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, ஃபெராரியின் உச்ச மாடல்களின் வம்சாவளியை முழுக்க எடுத்துப் பாருங்கள். எஃப்50 (1995), என்ட்ஸோ (2002), லாஃபெராரி (2013) மூன்றிலும் வி12 இருந்தது உண்மை. ஆனால் அந்த வரிசையின் தலையில் நிற்கும் 1984-ன் ஜி.டி.ஓ.-விலும் 1987-ன் எஃப்40-லும் இருந்தது 3 லிட்டருக்கும் குறைவான ட்வின் டர்போ வி8. ஜி.டி.ஓ.-வின் 2855 சி.சி. என்ற விநோத எண்ணுக்குக் காரணம் அன்றைய குரூப் பி பந்தய விதி. டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.4-ஆல் பெருக்கி வகுப்புப் பிரிப்பார்கள். 2855-ஐப் பெருக்கினால் 3997, நாலு லிட்டர் வகுப்புக்குள் மயிரிழையில் அடங்கிவிடும். எஃப்80-ன் வி6-உம் பந்தயத்தோடு உறவுள்ளதே. 2023-லும் 2024-லும் லே மான் 24 மணிப் பந்தயத்தை வென்ற ஃபெராரியின் பந்தயக் கார் 499பி-யின் எஞ்சினும் 3 லிட்டர், 120 பாகை வி6. ஆகவே ‘மரபை மீறிவிட்டார்கள்’ என்பது எடுபடாது. ‘எனக்கு வி12 பிடிக்கும்’ என்பது எடுபடும், அதற்கு ஆதாரமே தேவையில்லை.

இரண்டாவது, இழுவையை (டார்க் என்னும் முறுக்குவிசையை) எஞ்சின் சுற்றோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். நியூட்டன் மீட்டரை நிமிடச் சுற்றால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட், அதை 0.7355-ஆல் வகுத்தால் சி.வி. தெமெராரியோவின் வி8 4000 சுற்றிலிருந்து 7000 வரை 730 நியூட்டன் மீட்டர். 4000-ல் அது 416 சி.வி. எவோவின் வி10-க்கு உச்சமே 6500 சுற்றில் 600 நியூட்டன் மீட்டர். ஆகவே 4000-ல் எப்படிப் பார்த்தாலும் 342 சி.வி.-ஐத் தாண்ட வழியில்லை. மலைப்பாதையில் வளைவிலிருந்து வெளியேறும்போது நீங்கள் இருக்கப்போவது இந்தச் சுற்றில்தான். டர்போ விழித்தெழும் அந்த அரை நொடியை நிரப்பத்தான் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே 300 நியூட்டன் மீட்டர் தரும் மின்மோட்டாரைச் செருகியிருக்கிறார்கள்.

டர்போ எஞ்சின் 10,000 சுற்று வரை போவது விளம்பர வார்த்தையா என்று சந்தேகிப்பவர்கள் பிஸ்டன் வேகத்தைப் போட்டுப் பார்க்கலாம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே போகும் தூரம், 78.5 மி.மீ.; அதை இரண்டால் பெருக்கி, நொடிக்கு எத்தனை சுற்றோ அதனால் பெருக்க வேண்டும். நொடிக்கு 26.2 மீட்டர் வருகிறது. 9500 சுற்றுப் போகும் 12 சிலிந்த்ரிக்கு 78 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 24.7 மீட்டர். சாலைக் காருக்கு இரண்டுமே உச்சாணிக் கொம்பு. பிஸ்டனோடு இணையும் கனெக்டிங் ராடை இலகுவான டைட்டானியத்தில் செய்வது ஏன் என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

சத்தத்துக்கு ஒரு கணக்கு

அறிமுகப் படத்தில் வரும் சத்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மைக்கை எங்கே வைத்தார்கள், இசையோடு எப்படிக் கலந்தார்கள் என்பது அதில் பாதி. ஆனால் சுருதியை முன்கூட்டியே சொல்லலாம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். சுற்றை 120-ஆல் வகுத்து, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கினால் நொடிக்கு எத்தனை வெடிப்பு என்று வரும். காது பிடிக்கும் முதன்மைச் சுருதி அதுதான்.

ஹூராக்கான் வி10, 8500 சுற்றில் 708 ஹெர்ட்ஸ். தெமெராரியோ வி8, 10,000 சுற்றில் 667. பத்திலிருந்து எட்டுக்கு இறங்கியும், சுற்றை ஏற்றிச் சுருதியை ஏறக்குறைய மீட்டிருக்கிறார்கள். அதன் கிராங்க் ஷாஃப்ட் தட்டையான வகை, வெடிப்பு இரு வரிசைக்கும் மாறி மாறிச் செல்லும், அமெரிக்க வி8-ன் குடுகுடுப்பு இராது. 12 சிலிந்த்ரி, 9500-ல் 950 ஹெர்ட்ஸ். எஃப்80, 9000-ல் வெறும் 450. அதற்கு முன் வந்த லாஃபெராரி 9250-ல் 925. பாதிக்கும் கீழே. எஃப்80-ன் சத்தம் பற்றிப் புலம்பியவர்கள் கணக்குப் போடாமலே சரியாகச் சொன்னார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டர்போவும், ஐரோப்பியக் கார்களில் வைக்கும் துகள் வடிகட்டியும் மேல்சுருதிகளை மேலும் மழுக்கும். எவ்வளவு மழுக்கும் என்பது காதால் கேட்டால்தான் தெரியும்.

இதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், ஒட்டுச் சத்தத்தையும் பிடிக்கலாம். போனில் அலைவரிசை காட்டும் செயலி ஒன்றைத் திறந்து வீடியோவை ஓடவிடுங்கள். டயலில் முள் 6000-ல் நிற்கிறது, கார் வி8 என்றால் 400 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு முகடு தெரிய வேண்டும். அதன் பாதியிலும் இருமடங்கிலும் முகடுகள் வருவது இயல்பு. எதிலும் பொருந்தாமல் 500-ல் நின்றால், படத்துக்கு வேறொரு காரின் குரலைப் பூசியிருக்கிறார்கள்.

எதிர்வினையை வார்த்தையாக்கும்போது

‘அசிங்கம்’, ‘அருமை’ இரண்டும் கேட்பவருக்கு எதையும் தராது. எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்பதைச் சேர்த்துவிட்டால் அதே கருத்து பயனுள்ளதாகிவிடும். ‘பின்பக்கம் பிடிக்கவில்லை’ என்பதைவிட ‘பின் டயர் முழுசாகத் தெரியும்படி பம்பரை வெட்டியிருக்கிறார்கள், அது பந்தய பைக் போல இருக்கிறது, எனக்கு ஒட்டவில்லை’ என்றால், எதிர்த்தரப்புக்காரரும் அதே இடத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவார். எடையைப் பற்றி எழுதினால் ‘உலர்’ என்ற சொல்லை விடாதீர்கள். எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்: முந்தைய மாடலோடா, போட்டிக் காரோடா, பதினைந்து வயதில் சுவரில் ஒட்டிய படத்தோடா? மூன்றாவதை எந்தப் புதுக் காரும் ஜெயித்ததில்லை.

உள்ளே இருக்கும் திரைகளையும் தொடுபட்டன்களையும் பற்றிய குறைகளை மட்டும் அடக்காமல் சொல்லலாம். அவை படத்திலேயே தெரியும், ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஸ்டீயரிங்கில் தொட்டால் இயங்கும் ஸ்டார்ட் பட்டனை ஃபெராரி வைத்தது முதல் பல ஆண்டுகள் அதைத் திட்டினார்கள். 2025 ஜூலையில் வந்த அமால்ஃபியில் அழுத்தும் பட்டன்கள் ஸ்டீயரிங்குக்குத் திரும்பிவந்தன, அலுமினிய ஸ்டார்ட் பட்டன் உட்பட.

எழுதிவைத்த அந்த மூன்று வரியைத் தூக்கி எறியாதீர்கள். மூன்று சமயங்களில் எடுத்துப் பாருங்கள். சாதாரணத் தெருவில், மேக மூட்டத்தில், வேறு கார்களுக்கு நடுவே நிற்கும் முதல் படம் வரும்போது வடிவம் பற்றிய வரியை. பத்திரிகை ஒன்று தராசில் ஏற்றி எடை சொல்லும்போது கிலோ பற்றிய வரியை. ஓட்டிப் பார்த்தவர்கள் எழுதும்போது மீதியை. தெமெராரியோவுக்கு இந்தக் கடைசிக் கட்டம், 2025 கோடையில் போர்ச்சுகலின் எஸ்டோரில் பந்தயத் தடத்தில்தான் வந்தது. திரை விலகி ஏறத்தாழ பதினோரு மாதம் ஆகியிருந்தது.